20 மில்லி எலுமிச்சைச் சாறு

இந்த எபிசோட் என்னோட ஒரு சொதப்பல்ல இருந்து ஆரம்பிக்குது.

போன ஏப்ரல்ல ஒரு நண்பனோட பிறந்தநாள். மொட்டை மாடியில இருபது பேர். டிரிங்க்ஸ் பொறுப்பு என் தலையில விழுந்தது. கோடையில எலுமிச்சம்பழம் விக்கிற விலை உங்களுக்கே தெரியும். அதனால முந்தின நாளே கோயம்பேடு போய் மொத்தமா வாங்கி, ராத்திரி உட்கார்ந்து அறுபது பழம் பிழிஞ்சு, வடிகட்டி, ஒரு எவர்சில்வர் தூக்குல ஊத்தி ஃப்ரிட்ஜுல வெச்சுட்டேன். பெரிய புத்திசாலித்தனம்னு நினைப்பு. மறுநாள் சாயந்தரம் முதல் டாக்கிரி கலக்கினேன். ரம், சர்க்கரைப் பாகு, எலுமிச்சை, அவ்வளவுதான் அந்த டிரிங்க். வாயில வெச்சா புளிப்பு இருக்கு, எலுமிச்சையைக் காணோம். வெறும் புளிப்பு தனியா நிக்குது, பின்னாடியே லேசா ஒரு கசப்பு. குடிக்காதவங்களுக்காகப் போட்ட லைம் சோடாவும் அதே கதைதான்.

ஒரு ஹோட்டல் பார்ல வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தர் வந்திருந்தார். ஒரு வாய் குடிச்சுட்டு கிளாஸைக் கீழ வெச்சார்.

"நேத்தே பிழிஞ்சியா?"

"ஆமாண்ணே."

"பிழிஞ்ச கையோட ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீசர்ல போட்டிருக்கலாமேடா."

மறுநாள் காலையில முதல் வேலையா ஐஸ் ட்ரேயை எடுத்து அளந்து பார்த்தேன். என் வீட்டு ட்ரேல ஒரு குழிக்குக் கிட்டத்தட்ட 20 மில்லி பிடிக்குது. ஒரு டாக்கிரிக்குத் தேவையான சாறும் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்புறம், பிழிஞ்ச சாறைக் கெடாம வைக்க மனுஷங்க எப்போ இருந்து முயற்சி பண்றாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடும்போது அதே 20 மில்லி வேற ஒரு இடத்துல எதிர்ப்பட்டது. 1794இல் ஒரு கப்பலில் ஒவ்வொரு மாலுமிக்கும் தினமும் கொடுத்த எலுமிச்சைச் சாறின் அளவு அது. அந்தக் கப்பல் வந்து நங்கூரம் போட்ட இடம் நம்ம மெட்ராஸ்.

இன்னைக்கு அந்தக் கதை. காக்டெயில் கடைசியில வரும். நடுவுல நிறைய பேர் சாவாங்க, முன்னாடியே சொல்லிடறேன்.

காய்ச்சிய சாறு

ஸ்கர்வி. மாதக்கணக்கில் கடலில் கிடந்தவர்களுக்கு வந்த நோய். ஈறு வீங்கிக் கறுக்கும், பல் ஆடும், காலில் ரத்தம் கட்டும். என்றைக்கோ ஆறிப்போன காயம் மறுபடி வாய் திறக்கும். நம் தோலையும் எலும்பையும் ரத்தக் குழாயையும் சேர்த்துப் பிடித்திருப்பது கொலாஜன் என்ற புரதம். அது ஒழுங்காக உருவாக வைட்டமின் சி வேண்டும். அது கிடைக்காவிட்டால் உடம்பு தையல் பிரிந்த துணி மாதிரி ஆகிவிடும். 1740இல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எதிரியின் குண்டு பட்டுச் செத்தவர்கள் அதில் ரொம்பக் கொஞ்சம். நோயில் போனவர்கள்தான் மிச்சம் எல்லாரும், அந்த நோய்களில் முதல் இடம் ஸ்கர்விக்கு.

1747 மே மாதம், ஹெச்.எம்.எஸ். சாலிஸ்பரி என்ற கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் சைடர். ஒரு ஜோடிக்கு கந்தக அமிலம் சேர்த்த மருந்து. இன்னொன்றுக்கு வினிகர். இன்னொன்றுக்கு, பாவம், கடல் தண்ணீர். ஐந்தாவது ஜோடிக்கு பூண்டும் கடுகும் போட்ட ஒரு லேகியம். கடைசி ஜோடிக்கு தினமும் இரண்டு ஆரஞ்சு, ஒரு லெமன். ஆறே நாளில் கப்பலில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் பழம் தின்ற இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பியிருந்தார். இன்னொருவர் மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறியிருந்தார்.

இது நீங்க ஸ்கூல் புக்லயே படிச்சிருப்பீங்க. எனக்கு இதைவிட முக்கியமாப் பட்டது அதுக்கப்புறம் லிண்ட் செஞ்ச காரியம்.

பழம் வேலை செய்கிறது, சரி. ஆனால் பழம் அழுகும். ஆறு மாதப் பயணத்துக்கு அதை எப்படி எடுத்துப் போவது? 1753இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் லிண்ட் ஒரு வழி சொன்னார். சாறைப் பிழிந்து, வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் ஊற்றி, கொதிக்கும் நிலைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் மேல் வைத்து, பாகு பதத்துக்கு வரும் வரை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சணும். பிறகு பாட்டிலில் அடைத்துவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. இதற்கு 'ராப்' என்று பெயர்.

நம்ம வீட்ல வத்தக்குழம்பை சுண்ட வைக்கிற மாதிரியேதான். தண்ணி போனா சத்து நிக்கும், இது எல்லாருக்கும் தோணுற நியாயம். ஆனா வைட்டமின் சிக்கு ஆகாத விஷயங்கள்ல முக்கியமானவை ரெண்டு. ஒண்ணு சூடு, இன்னொண்ணு காத்து. அகலமான பாத்திரம், மணிக்கணக்கா சூடு. லிண்ட் ரெண்டையும் ஒண்ணா சேர்த்துக் கொடுத்துட்டார்.

இதில் அவர் மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை. எது மருந்து என்றே யாருக்கும் தெரியாத காலம். அவரிடம் இருந்த ஒரே அளவுகோல் நாக்கு. காய்ச்சிய சாறை நாக்கில் வைத்தால் சுரீர் என்று புளிக்கும், ஏனென்றால் புளிப்பைத் தருவது சிட்ரிக் அமிலம், அது காய்ச்சினாலும் எங்கேயும் போகாது. புளிப்பு இருந்தால் மருந்தும் இருக்கும் என்று நினைத்தார்கள். கேப்டன் ஜேம்ஸ் குக் இந்த ராப்பைத் தன் பயணங்களில் எடுத்துப் போனார். 1776இல் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு எழுதியபோது, அதனால் பெரிய பயன் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் எழுதினார். சரியான பழத்தைக் கண்டுபிடித்து, கெடாமல் வைக்கிற முறையில் அதைத் தொலைத்தாகிவிட்டது.

மெட்ராஸுக்கு வந்த கப்பல்

அடுத்து வந்தவர்கள் சாறைக் காய்ச்சவில்லை. அப்படியே பச்சையாக எடுத்துப் போனார்கள்.

1794 ஏப்ரல் 2ஆம் தேதி ஹெச்.எம்.எஸ். சஃபோக் இங்கிலாந்திலிருந்து கிளம்பியது. ஒவ்வொருவருக்கும் தினமும் மூன்றில் இரண்டு அவுன்ஸ் லெமன் சாறு, சர்க்கரையோடு சேர்த்து கிராகில் கலந்து கொடுத்தார்கள். கிராக் என்பது தண்ணீர் ஊற்றிய ரம். ரம், சர்க்கரை, சிட்ரஸ்! என் மொட்டை மாடி டாக்கிரியிலும் வேறு எதுவும் இல்லை, கூட ஐஸ் இருந்தது, அவ்வளவுதான். எங்கேயும் கரை தொடாமல் 23 வாரமும் 1 நாளும் கடலில் இருந்து, செப்டம்பர் 11ஆம் தேதி சஃபோக் மெட்ராஸுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கு இங்கே துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல்கள் கரைக்கு எட்டத்திலேயே நின்றுவிடும், மசூலா படகுகள் போய் ஆளையும் சரக்கையும் அலையில் ஏற்றி இறக்கிக் கொண்டுவரும். அப்படி வந்து நின்ற சஃபோக்கில் ஓர் உயிர் போகவில்லை. நோயாளிப் பட்டியலில் இருந்தவர்கள் 15 பேர்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மூன்றில் இரண்டு அவுன்ஸ்னா சுமார் 19 மில்லி, நம்ம ஐஸ் ட்ரேல ஒரு குழி. புது லெமன் சாறுல 100 மில்லிக்கு ஏறக்குறைய 40 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். அப்போ 19 மில்லில 7, 8 மில்லிகிராம். ஸ்கர்வி வராம இருக்க ஒருத்தருக்குத் தினமும் சுமார் 10 மில்லிகிராம் வேணும்னு இன்னைக்கு சொல்றாங்க. அதாவது நூலிழையில தப்பிச்ச கணக்கு அது. வழியில் சிலருக்கு ஸ்கர்வி அறிகுறி தெரிந்ததும், அவர்களுக்குச் சாறைக் கூட்டிக் கொடுத்ததும், அவர்கள் தேறியதும் இந்தக் கணக்கோடு அழகாகப் பொருந்துகிறது.

மறு வருஷமே, 1795இல், கில்பர்ட் பிளேன் போன்ற மருத்துவர்களின் அழுத்தத்தால் பிரிட்டிஷ் கடற்படை முழுவதற்கும் லெமன் சாறு என்று முடிவானது. சாறு கெடாமல் இருக்க அதில் பத்தில் ஒரு பங்கு பிராந்தி மாதிரி சாராயம் சேர்த்தார்கள், இல்லையென்றால் பாட்டிலில் சாறுக்கு மேலே ஒரு படலம் ஆலிவ் எண்ணெய் விட்டார்கள். ஊறுகாய் ஜாடியில மேல எண்ணெய் நிக்கணும்னு பாட்டி சொல்வாங்களே, அதே வேலைதான், காத்து உள்ள போகாது. இரண்டு முறையிலும் சூடு கிடையாது, அதனால் மருந்து பிழைத்தது. கடற்படையில் ஸ்கர்வி அபூர்வமான நோயாக மாறியது.

கதை இங்க முடிஞ்சிருக்கணும். முடியல.

ஒரே பெயர், இரண்டு பழம்

கவனிச்சிருப்பீங்க, இவ்வளவு நேரமும் நான் 'லெமன்' என்றேனே தவிர 'எலுமிச்சை' என்று சொல்லவில்லை. காரணம் இருக்கு. நம்ம கடையில விக்கிற உருண்டையான, தோல் மெலிசான, சின்ன எலுமிச்சை இங்கிலீஷ்ல லைம். லெமன் வேற பழம். பெருசு, மஞ்சள், ரெண்டு பக்கமும் கூம்பியிருக்கும், தோல் தடிமன். தமிழ்ல பேச்சு வழக்குல ரெண்டுக்கும் ஒரே பேர்தான். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ்காரர்களிடம் இரண்டு பெயர் இருந்தது, ஆனால் எதை எதற்கு வேண்டுமானாலும் மாற்றிச் சொல்வார்கள். பேரில் இருந்த அந்தக் குழப்பம் ஆளைக் கொன்றது.

சஃபோக் காலத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் கடற்படைக்குச் சாறு வந்தது சிசிலி போன்ற மத்தியதரைக் கடல் பகுதிகளிலிருந்து. அது லெமன். 1860களில் மேற்கிந்தியத் தீவுகளின் லைமுக்கு மாறினார்கள். அந்தத் தீவுகள் பிரிட்டனின் கையில் இருந்தன, தோட்டங்களும் அவர்களுடையவை. லைம் இன்னும் கூடுதலாகப் புளிக்கும் என்பதால் இன்னும் நல்ல மருந்து என்றும் தோன்றியது. மறுபடி நாக்கை நம்பினார்கள். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த மேற்கிந்திய லைம் நம் எலுமிச்சைதான். ஆசியாவில் தோன்றி, அரபு நாடுகள் வழியாக மேற்கே போய், ஸ்பானியர் கையில் அட்லாண்டிக் கடந்து கரீபியத் தீவுகளில் வேர் பிடித்த அதே இனம்.

அந்த நேரத்தில்தான் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் லாக்லன் ரோஸ் என்பவர், சாராயம் சேர்க்காமல் லைம் சாறைக் கெடாமல் வைக்கும் முறைக்கு 1867இல் காப்புரிமை வாங்கினார். கந்தக வாயுதான் அதன் ரகசியம். அதே வருஷம் வணிகக் கப்பல்களிலும் மாலுமிகளுக்கு இந்தச் சாறு கொடுக்கணும் என்று சட்டம் வந்தது, ரோஸுக்குச் சரியான நேரம். சர்க்கரை சேர்த்த அவருடைய லைம் கார்டியல்தான் பின்னாளில் ஜின்னோடு சேர்ந்து கிம்லெட் ஆனது. 1930இல் வந்த 'சவாய் காக்டெயில் புக்'கில் கிம்லெட்டுக்கு ஜின் பாதி, ரோஸின் கார்டியல் பாதி. கிம்லெட் என்ற கடற்படை மருத்துவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று பார்களில் ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அது நாலாவது ரவுண்டில் பிறந்த கதை மாதிரிதான் படுது.

கிம்லெட் குடிக்கிறவருக்குக் கார்டியலில் வைட்டமின் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. வட துருவத்துக்குப் போகிறவருக்கு?

1875இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் அலர்ட், டிஸ்கவரி என்ற இரண்டு கப்பல்கள் ஆர்க்டிக் பகுதிக்குப் போயின. சுமார் 120 பேர். நல்ல சாப்பாடு, கூடவே லைம் சாறு. அடுத்த வசந்தத்தில் ஸ்லெட்ஜ் வண்டிகளை இழுத்துக்கொண்டு பனிமேல் கிளம்பிய அணிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. ஆல்பர்ட் மார்க்கம் தலைமையில் வடக்கே போன அணி, அதுவரை மனிதர் யாரும் போகாத தூரத்துக்குப் போனது. திரும்பும் வழியில் பெரும்பாலோருக்கு எழுந்து நிற்கவே முடியவில்லை. இழுக்க வந்தவர்களை வண்டியில் ஏற்றி இழுக்க வேண்டிய நிலை. ஆல்ஃப்ரட் பார் என்ற அதிகாரி ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க தன்னந்தனியாகப் பனியில் நடந்து கப்பலை அடைந்து உதவி கொண்டுவந்தார். மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஸ்கர்வி.

நாடு திரும்பியதும் விசாரணைக் குழு அமைத்தார்கள். 1877இல் குழு கண்டுபிடித்த குற்றம், ஸ்லெட்ஜ் அணிகள் லைம் சாறை எடுத்துப் போகவில்லை என்பது. ஏன் எடுத்துப் போகவில்லை? கண்ணாடி பாட்டிலில் இருந்த சாறு உறைந்துபோகும். உறைந்ததை உருக்க எரிபொருள் செலவாகும். அதனால் விட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த இடத்துல நான் படிக்கிறதை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சாறு உறையுறது அவங்களுக்கு ஒரு தொல்லை, குற்றப் பத்திரிகையில ஒரு வரி. ஆனா சாறுக்கு நடக்கக்கூடியதுல ரொம்ப நல்ல விஷயமே அதுதான். உறைஞ்ச சாறுல வைட்டமின் பெரும்பாலும் அப்படியே நிக்கும். உண்மையான பிரச்சினை, கப்பல்ல இருந்த எல்லா பாட்டில்லயும் இருந்தது லைம் சாறு. தோட்டத்திலிருந்து பாட்டில் வரை வரும் வழியில் காற்றும் வெளிச்சமும் பட்டு, செம்புக் குழாய்களில் ஓடி வந்த சாறு. செம்பு பட்டால் வைட்டமின் சி இன்னும் வேகமாகக் கெடும். ஸ்லெட்ஜில் எடுத்துப் போயிருந்தாலும் அந்தச் சாறு யாரையும் காப்பாற்றியிருக்காது.

இதன் விளைவு அடுத்த 40 வருஷத்துக்கு நீண்டது. சாறு குடித்தவருக்கே ஸ்கர்வி வருகிறது என்றால் சாறு மருந்தே இல்லை என்று மருத்துவர்கள் பேச ஆரம்பித்தார்கள். டின்னில் அடைத்த இறைச்சியின் விஷம்தான் ஸ்கர்விக்குக் காரணம் என்றுகூட ஒரு கொள்கை செல்வாக்குப் பெற்றது. தெரிந்த ஒன்றை மனிதர்கள் மறந்துபோன அபூர்வமான சம்பவம் இது.

முடிச்சை அவிழ்த்தது முதல் உலகப் போர் காலத்தில் லண்டன் லிஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்த பெண்கள். ஹாரியட் சிக், மார்கரெட் ஹ்யூம், ரூத் ஸ்கெல்டன் மூவரும் கினிப் பன்றிகளுக்கு இரண்டு சாறையும் கொடுத்துப் பார்த்து 1918இல் முடிவை வெளியிட்டார்கள். புது லைம் சாறின் பலம் புது லெமன் சாறில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பதப்படுத்திய லைம் சாறு எதற்கும் உதவாது. அதே நிறுவனத்தின் ஆலிஸ் ஹெண்டர்சன் ஸ்மித் பழைய கடற்படை ஆவணங்களைத் தோண்டி, எந்தக் கப்பலில் எந்தப் பழத்தின் சாறு போனது என்று பிரித்துக் காட்டினார். ஜெயித்த கப்பல்களில் லெமன், தோற்ற நேர்ஸ் பயணத்தில் லைம். பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க ஒருவர் பழைய காகிதங்களோடு உட்கார வேண்டியிருந்தது. வைட்டமின் சி இன்னதுதான் என்று தெரிந்தது அதற்கும் பிறகு, 1932இல்.

மறுபடி சுண்டக் காய்ச்சியவர்கள்

சரி, ஐஸ் எப்போ இந்தக் கதைக்குள்ள வருது?

மெட்ராஸுக்கு ஐஸ் சீக்கிரமே வந்துவிட்டது. மெரினா எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842இல் ஐஸ் வைக்கவே கட்டப்பட்டது. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி, அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். சஃபோக் வந்த அதே கடற்கரைக்கு, ஐம்பது வருஷத்துக்குள். இன்னைக்கும் அந்த ஏரியாவுக்கு ஐஸ் ஹவுஸ்னுதான் பேரு. ஆனால் வெறும் ஐஸ் ஒரு டிரிங்கைக் குளிர வைக்கும், சாறை உறைய வைக்காது. சாறு பூஜ்யத்துக்கும் கொஞ்சம் கீழே போனால்தான் உறையும். உப்புப் போட்டால் கீழே போகலாம், ஐஸ்கிரீம் அப்படித்தான் செய்தார்கள். மாதக்கணக்கில் அங்கேயே நிறுத்தி வைக்க மெஷின் வேண்டும்.

மெஷின் பரவலான பிறகு, இரண்டாம் உலகப் போர் சமயத்தில், அமெரிக்காவுக்கு லிண்டின் அதே கேள்வி வந்தது. தூரத்தில் இருக்கும் சிப்பாய்க்கு ஆரஞ்சுச் சாறை எப்படிக் கொடுப்பது? ஃபுளோரிடாவில் லூயிஸ் மெக்டவல், எட்வின் மூர், செட்ரிக் அட்கின்ஸ் மூவரும் இதில் இறங்கினார்கள். அவர்கள் செய்ததும் லிண்ட் செய்ததுதான், சாறைச் சுண்ட வைத்தார்கள். ஆனால் வெற்றிடத்தில். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் தண்ணீர் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். சூடும் இல்லை, காற்றும் இல்லை. இருநூறு வருஷம் கழித்து ராப்பை ஒழுங்காகச் செய்தார்கள் என்று நான் சொல்லுவேன்.

அதிலும் ஒரு குறை மிஞ்சியது. தண்ணீரோடு வாசனையும் ஆவியாகிப் போனது. வைட்டமின் இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, ஆரஞ்சு இல்லை. என் தூக்குல இருந்த சாறு மாதிரியே! இதற்கு அவர்கள் கண்டுபிடித்த தீர்வு ரொம்ப எளிமையானது. தேவைக்கு மேலேயே கெட்டியாகச் சுண்ட வைத்துவிட்டு, அதில் கொஞ்சம் புதுச் சாறை ஊற்றித் தளர்த்தி, பிறகு உறைய வைத்தார்கள். அந்தக் கொஞ்சம் புதுச் சாறு வாசனையைத் திருப்பிக் கொண்டுவந்தது. 1948இல் கிடைத்த காப்புரிமையை அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, பொதுப் பயன்பாட்டுக்கு விட்டார்கள். போர் முடிந்துவிட்டதால் சிப்பாய்க்குப் போக வேண்டிய டின்கள் வீட்டு ஃப்ரீசர்களுக்குப் போயின. ஆரஞ்சுக்குப் பின்னால் லைமேடும் உறைந்த டின்னில் வந்தது. அமெரிக்க வீடுகளில் அதை ரம்மோடு மிக்ஸியில் போட்டு அடித்து டாக்கிரி என்றார்கள்.

1971இல் டல்லஸ் நகரத்தில் ரெஸ்டாரன்ட் நடத்திய மரியானோ மார்ட்டினெஸ் இன்னொரு படி போனார். அவருடைய பார்ட்டெண்டர்கள் லைம் பிழிந்தே அலுத்துப்போனார்கள், டிரிங்கும் கிளாஸுக்குக் கிளாஸ் மாறியது. ஒரு பழைய சாஃப்ட் ஐஸ்கிரீம் மெஷினை வாங்கி, அதில் மொத்தமாக மார்கரீட்டாவை ஊற்றி ஓட்டினார். அந்த மெஷின் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மார்கரீட்டாவுக்கு அது நல்லது செஞ்சதான்னு கேட்டா, நான் பதில் சொல்ல மாட்டேன்.

என் ஃப்ரீசர்

இப்போ வீட்டுக்கு வருவோம். என் தூக்குல என்ன நடந்தது? எலுமிச்சை வாசனைக்கு முக்கியமான ஒரு பொருள் சிட்ரால். அது புளிப்புக்குள்ளேயே இருந்து மெல்ல மெல்லச் சிதையும். காற்று பட்டால் மற்ற வாசனை எண்ணெய்களும் கெடும். கசப்புக்கு வேறு காரணம். பழத்துக்குள் கசப்பில்லாமல் இருக்கும் ஒரு பொருள், பிழிந்த பிறகு அமிலத்தில் மெதுவாக லிமோனின் என்ற கசப்பாக மாறும். சாத்துக்குடி ஜூஸை வெச்சுக் குடிச்சவங்களுக்கு இது நல்லாத் தெரியும். எலுமிச்சையிலும் கொஞ்சம் உண்டு. ஃப்ரிட்ஜ் இதையெல்லாம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மைனஸ் 18 டிகிரியில் எல்லாமே ஆமை வேகத்துக்கு வந்துவிடும்.

கொஞ்ச நேரம் ஆன சாறே பிடிக்கிறவங்களும் இருக்காங்க. டேவ் ஆர்னால்ட் 2014இல் எழுதிய 'லிக்விட் இன்டெலிஜென்ஸ்' புத்தகத்தில் பார்ட்டெண்டர்களுக்குக் கண்ணை மூடி ருசி பார்க்கக் கொடுத்த சோதனையைச் சொல்கிறார். அமெரிக்கர்கள் பலர் நாலு மணி நேரம் ஆன லைம் சாறைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நாலு மணி நேரம், கவனிங்க. நான் வெச்சது இருபது மணி நேரம்.

இந்த முறை பிழிஞ்ச அரை மணி நேரத்துல ட்ரேல ஊத்தினேன். கொட்டை, சக்கை எல்லாம் வடிகட்டிட்டேன். கெட்டியானதும் கட்டிகளை ஜிப் கவர்ல போட்டு, காத்தை முடிஞ்ச வரைக்கும் அமுக்கி வெளியேத்தி மூடினேன். தேதியும் எழுதி வெச்சேன், ஏன்னா ரெண்டு மாசத்துக்கு மேல போனா ஃப்ரீசர் வாடை ஏற ஆரம்பிக்குது. ஒரு தப்பும் பண்ணேன். முதல் தடவை கட்டி பாதி கரைஞ்சதுமே ஊத்திட்டேன். உறையும்போது தண்ணி முதல்ல ஐஸாகும், புளிப்பு ஒதுங்கி நிக்கும், கரையும்போது அந்தப் புளிப்புதான் முதல்ல ஓடி வரும். முதல் கிளாஸ் குடிச்சவன் முகம் போன போக்கை நீங்க பார்த்திருக்கணும். முழுசாக் கரைய விட்டு, ஒரு கலக்கு கலக்கிட்டு அளக்கணும்.

அப்புறம் ஃபுளோரிடாக்காரங்க தந்திரம். பத்துக் கட்டிக்கு ரெண்டு புதுப் பழம் பிழிஞ்சு சேர்த்தேன். ஷேக்கர்ல கொஞ்சம் தோலும் துருவிப் போட்டேன், எண்ணெய் இருக்கிறது அதுலதானே.

ஜூலைல அதே மொட்டை மாடி. அதே அண்ணன். கிளாஸைக் கையில கொடுத்துட்டு ஒண்ணும் சொல்லாம நின்னேன்.

"எப்போ பிழிஞ்சது?"

"மூணு வாரம் ஆச்சுண்ணே."

இன்னொரு வாய் குடிச்சார். "இப்போ பிழிஞ்ச மாதிரி இல்லடா. ஆனா எலுமிச்சை இருக்கு," என்றார். கிளாஸைக் கீழ வைக்கல.